இடது கை

மருத்துவமனை தந்த தமிழ்க் கையேட்டில்
நான்காம் பக்கம், மூன்றாம் வரி:
“உங்கள் சிறையைத் தமனியோடு இணைத்துத் தைப்போம்.”
ரயில் நியூட்டன் தாண்டுகையில்
கைப்பையில் பேனா தேடி
வல்லின றகரத்தை இடையினம் ஆக்கினேன்.
இருபது வருடம் மெய்ப்புப் பார்த்த கண்.
சிறுநீரகம் போனாலும் அது போகவில்லை.

டாக்டர் கோ மருந்துச்சீட்டின் பின்புறம் வரைந்து காட்டியிருந்தார்.
தமனிக்குத் தடித்த சுவர்,
இதயம் அடிக்கும் அடியெல்லாம் அதன் மேல்தான்.
சிரை மெல்லியது,
ரத்தம் அவசரமில்லாமல் வீடு திரும்பும் பாதை.
வந்த வழியே சரிந்துவிடாதபடி
உள்ளே சின்னச் சின்னக் கதவுகள்.
இரண்டையும் மணிக்கட்டில் சேர்த்தால்
நெடுஞ்சாலையைச் சந்துக்குள் திருப்பிவிட்ட மாதிரி.
“பயந்துவிடாதா?” என்றேன்.
“யார்?”
“சிரை.”
சிரித்தார்.
“தடிக்கக் கற்றுக்கொள்ளும். ஆறு வாரம், எட்டு வாரம்.
நீங்கள் பந்தை அழுத்திக்கொண்டே இருங்கள்.”

பச்சை ரப்பர் பந்து.
செய்தி பார்க்கையில் அழுத்தினேன்,
லிஃப்டில் அழுத்தினேன்,
நாகப்பனோடு சண்டை போடும்போது
இன்னும் நன்றாக அழுத்தினேன்.

கட்டுப் பிரித்த அன்றே
தோலுக்கடியில் ஒரு வண்டு.
ஓயாத விர்ர்ர்.
அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘த்ரில்’.
செந்தோசாவில் காசு கொடுத்து வாங்குவதும் அதுதான்.
தூக்கம் வராத இரவுகளில்
நாகப்பன் என் மணிக்கட்டில் காது வைப்பார்.
“ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கு” என்பார்.
அதற்குமேல் அவருக்கு வராது.

செவ்வாய், வியாழன், சனி.
யீஷூனில் எங்கள் பக்கத்து புளோக்கின் கீழ்த்தளம்.
எடுக்க ஓர் ஊசி, கொடுக்க ஓர் ஊசி.
நிமிடத்துக்கு முந்நூறு மில்லி.
என்னிடம் இருப்பதோ நாலரை லிட்டர்.
நான்கு மணி நேரத்தைப் பெருக்கி வகுத்துப் பார்த்தேன்:
அதே ரத்தம் பதினாறு முறை
என்னை விட்டுப் போய்
பதினாறு முறை திரும்பி வருகிறது.
முகம் கழுவிய பிள்ளை போல,
கொஞ்சம் குளிர்ந்து.

பக்கத்து நாற்காலியில் ரொஸ்னா.
ஒரே ஐஸ் கட்டியைக்
கால் மணி நேரம் வாயில் வைத்திருக்கத் தெரிந்தவர்.

அந்தச் சனிக்கிழமை
கீழ்த்தளத்தின் மறுபாதியில் கல்யாணம்.
கொம்பாங் அடித்துக்கொண்டு மாப்பிள்ளை வர
எங்கள் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.
தாதி மியாட் ஸ்டெதஸ்கோப்பை என் கையில் வைத்தாள்,
எடுத்தாள், மறுபடி வைத்தாள்.
“ஒன்றும் கேட்கவில்லை.”

அடைத்துப்போயிருந்தால்
மறுபடி கத்தி, மறுபடி பந்து,
அதுவரை கழுத்தில் குழாய்.
வலது கை விரல் இரண்டை
இடது மணிக்கட்டில் வைத்தேன்.
இருந்தது.
அத்தனை மேளத்துக்கும் அடியில்
தன் பாட்டுக்கு ரீங்கரித்துக்கொண்டு.
“இங்கே” என்று அவள் விரலைப் பிடித்து வைத்தேன்.
மூச்சை விட்டாள். நானும்.
ரொஸ்னா கண்ணை மூடிக்கொண்டு
தாளத்துக்குக் காலாட்டினார்.
“கட்டாமல் விட்டது இதைத்தானே.”
நாசி மின்யாக் வாசம் கதவிடுக்கில் நுழைந்தது.
பொட்டாசியம் எவ்வளவு இருக்கும் என்று
இருவரும் யோசித்தோம், சொல்லிக்கொள்ளவில்லை.

இரவு கையேட்டை எடுத்துப் பார்த்தேன்.
நீல மைக்கு அடியில்
பழைய றகரம் இன்னும் தெரிகிறது.
வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம்
நாற்காலியில் கிடப்பவளுக்கு
அச்சுக்கோத்தவர் தெரிந்தே எழுதினாரோ என்னவோ.
அகராதியையும் புரட்டினேன், பழக்கதோஷம்.
சிறை: காவல். அணை.
மூன்றாவதாக, இறகு.
வண்டு அப்போதும் விர்ரென்றது.
திருத்தத்தை அழிக்கவில்லை. சிரை சிரைதான்.

இடது பக்கம் படுக்கக்கூடாது,
கை நசுங்கும்.
வலது பக்கம் புரண்டேன்.
நாகப்பனின் குறட்டை ஒரு சுருதி,
என் கை வேறொன்று.